வண்டிக்குக் களைப்பில்லை

கோயில் மதிலோரம் ஓட்டோவை நிறுத்தி, இறங்கி, பின்சில்லைப் பெருவிரலால் அமுக்கிப் பார்க்கிறான் பிரகலாதன். சில்லில் காற்று நிறைய இருக்கிறது. மூச்சு முட்டுவது அவனுக்குத்தான். ஓட்டோவில் பின்னால் இருக்கிற பயணி மணிக்கூட்டைப் பார்த்தால், "கொஞ்சம் பொறுங்கோ ஐயா, வண்டி களைச்சுப்போச்சு" என்பான்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் ஓட்டோ ஓடுகிறவன். முன்பெல்லாம் மரக்கறி மூட்டையைத் தோளில் தூக்கி, வீட்டுக் குசினி வரை கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் திரும்புவான். கொரோனா வந்து சுகமானபின் ஒரு பூசணிக்காயைத் தூக்கினாலே நெஞ்சு படபடக்கிறது. ஒருநாள் ஓடினால் மறுநாள் பாயில் கிடக்கிறான். "உவன் இப்ப சரியான பஞ்சி பிடிச்சவன்" என்று கூட ஓடுகிறவர்கள் அவனைச் சோம்பேறியாக்கிக் கதைப்பது காதில் விழும். கேட்காததுபோல் பீடா வாங்கப் போய்விடுவான்.

இரத்தம், நெஞ்சுப் படம் எதிலும் குறையில்லை. "கொரோனாவுக்குப் பிறகு சிலருக்கு இப்பிடித்தான் இழுபடும். உடம்பை வருத்தாதேங்கோ" என்றார் வைத்தியர். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டான். "அது எங்களுக்கும் தெரியேல்லை" என்றார். அந்தப் பதில்தான் அவனை அதிகம் பயமுறுத்தியது.

களைப்பைவிட மறதி மோசம். வாசலில் நின்று, "உந்த... மழைக்குப் பிடிக்கிறது" என்பான். மனைவி தயாளினி குடையை எடுத்து நீட்டுவாள். முகத்தை மட்டும் மறுபக்கம் திருப்பிக்கொள்வாள்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் ஓட்டங்களை எல்லாம் விட்டுவிட்டான். மிஞ்சியது பக்கத்து வீட்டு நிரோஜாவின் மகள் கோபிகா மட்டும். போன கிழமை ஒரு காலை, அவளை ஏற்றிக்கொண்டு பலாலி வீதியால் போகும்போது வீதி திடீரென்று அந்நியமாகிவிட்டது. கடைகள் தெரிந்தன, ஆட்கள் தெரிந்தார்கள். எங்கே போகிறோம் என்பது தெரியவில்லை.

"மாமா, பள்ளிக்கூடம் தாண்டிட்டம்" என்று பின்னாலிருந்து சிரித்தாள் கோபிகா. அடுத்த ஊரான கோண்டாவில் வந்திருந்தது.

"உனக்கு ஒரு சுத்துக் காட்டுவம் எண்டுதான்" என்றான். கைபிடி வியர்வையில் வழுக்கியது.

அன்று பின்னேரம் தயாளினியிடம் சொன்னான். "நிரோஜாவிட்டைச் சொன்னால் உந்த ஓட்டமும் இல்லாமல் போகுமப்பா" என்றாள் அவள்.

"அது அவளின்ரை பிள்ளையப்பா."

பிரகலாதன் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்ல, நிரோஜா வாசல் படலையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். "இண்டைக்கு எனக்கு வழி மறந்துபோச்சு தங்கச்சி. வண்டியிலை ஒரு பிழையும் இல்லை. எனக்குத்தான். இனிப் பிள்ளையை வேற ஆரிட்டையும் விடுங்கோ."

அவள் முகம் வெளிறிவிட்டது. மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"நாளைக்கு ஒருக்கா வாங்கோ அண்ணை. பாப்பம்."

மறுநாள் கோபிகா ஓட்டோவில் ஏறினாள். நிரோஜா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் பின்னால் வந்தாள். அவள் வேலை செய்யும் கந்தோர் எதிர்ப்பக்கம், யாழ்ப்பாண நகரில் இருக்கிறது. பலாலி வீதியில் ஏறியதுமே பிரகலாதனுக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. வருகிற ஒழுங்கை ஒவ்வொன்றும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிற ஒழுங்கைதானோ என்று தோன்றியது. பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். ஸ்கூட்டியின் இடப்பக்கச் சிக்னல் ஏற்கெனவே மின்னிக்கொண்டிருந்தது.

அவனும் இடப்பக்கச் சிக்னலைப் போட்டான்.