ஏழாவது உறை

வாளித் தண்ணீரில் கழுவும்போதுதான் அந்த ஓட்டில் எழுத்து தெரிந்தது. உள்ளங்கை அகலத் துண்டு. உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. பானையைச் சுட்ட பிறகு கூரான எதையோ கொண்டு யாரோ கீறியிருந்தார்கள். பை தைக்கும் அக்கா அதை வெயிலில் சாய்த்துப் பிடித்துக் கூப்பிட, ஆய்வு அதிகாரி கூடாரத்திலிருந்து செருப்புகூடப் போடாமல் வந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. "எந்த இடத்துல கிடைச்சது?" என்றுதான் முதலில் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், உறையூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த திடலைத் தோண்டினார்கள். சோழர்களின் பழைய தலைநகரம் அதற்கடியில் இருக்கிறது என்றார்கள். நான் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அப்பாவும் சித்தப்பாவும் சுருட்டு சுற்றினார்கள். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் தெருவே என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டும்; ஒரு வார்த்தை புரியாவிட்டால்கூட நிறுத்தாமல் வாசித்து, அர்த்தமும் சொல்லிவிடுவேன். கோடை விடுமுறையில், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காகத் திடலில் சீட்டு எழுதும் வேலை கிடைத்தது. எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்று எழுதிப் பைகளில் கட்ட வேண்டும். பதிவேடு ஆங்கிலத்தில் அதிகாரியின் கையில் இருந்தது. சீட்டுகளைத் தமிழில் எழுதுகிறேன் என்று நான் கேட்டு அனுமதி வாங்கினேன்.

சித்தப்பாவின் மனைவி, என் சித்தி, எனக்கு முன்பே அங்கே கூலி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முதலில் மண் சுமந்தாள். மண்ணை அளையும்போதே ஓடு எது, கல் எது, மணி எது என்று அவள் விரல்களுக்குத் தெரிவதைப் பார்த்த அதிகாரி, கூடையை இறக்கச் சொல்லிச் சல்லடைக்கு மாற்றினார். நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை. அதைவிட, அதிகாரியே வந்து "இது என்னம்மா?" என்று கேட்கும் வேலை. சித்தி அந்த இடத்தில் உட்கார்ந்த விதத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு நிமிர்வு இருந்தது.

முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டேன்: "இங்க பாப்பான்னு கூப்பிடாதீங்க சித்தி."

"சரிங்க ரைட்டரம்மா," என்றாள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து திடலில் எனக்கு அதுதான் பெயர். சித்தியும் அங்கே இருக்கும்வரை என்னிடம் 'ங்க' போட்டே பேசினாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவர்களுக்கு ஊர் உண்டான கதையைச் சொன்னேன். சோழ ராஜா யானைமேல் வரும்போது ஒரு கோழி பறந்து வந்து யானையின் நெற்றியில் கொத்தியது, யானை பின்வாங்கியது, இவ்வளவு பலம் தரும் மண் இது என்று ராஜா இங்கேயே நகரம் கட்டினான், அதனால்தான் இதற்குக் கோழியூர் என்றும் பெயர் என்றேன். சித்தி தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே, "யானை தோத்துப்போச்சுன்னு யாருங்க வந்து சொன்னது? யானையா, கோழியா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அதிகாரி கேட்டுச் சிரித்தார். "நல்ல கேள்விதான். கதைக்குச் சாட்சி கிடையாது. ஓட்டுக்கு உண்டு. அது கிடந்த இடம்தான் சாட்சி. இடம் தெரியலைன்னா அது வெறும் ஓடு," என்றார்.

திடலின் வடக்கு ஓரத்தில் ஒரு பழைய கிணறு கிடைத்திருந்தது. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. அதிகாரி 'ரிங்' என்பார். நான் 'வளையம்' என்று எழுதினேன். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் இருந்த சேற்றைத் தனித்தனியாக எடுத்துச் சித்தியின் சல்லடைக்கு அனுப்பினார்கள். ஓடுகள் போடும் காடாத் துணிப் பைகளுக்கு மட்டும் நான் வேறு பெயர் வைத்திருந்தேன். பை என்று எழுதக் கை வரவில்லை. 'உறை' என்று எழுதி வரிசை எண் போட்டேன். நல்ல தமிழ்ச் சொல். தலையணை உறை, கடித உறை என்பதில்லையா? "பையைப் பைன்னா வாய் வலிக்குமா ரைட்டரம்மா?" என்று பை தைக்கும் அக்கா கேலி செய்தாள். வடக்கு ஓரத்தில் சேற்றோடு இருந்த சித்திக்கு அந்தக் கேலி எட்டியிருக்காது.

ஒரு நாள் பிற்பகல், சித்தி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து ஓர் ஓட்டை நீட்டினாள். "ஏழாவது உறையிலதுங்க," என்றாள். நான் தலை நிமிரவில்லை. ஏழாம் பையிலிருந்து கீழே விழுந்ததை எடுத்துவந்திருக்கிறாள் என்று நினைத்து, ஏழாம் பையைத் திறந்து உள்ளே போட்டுக் கட்டினேன். அது முதல் குழியில் இரண்டடி ஆழத்தில் கிடைத்த, மிகவும் பிற்காலத்து ஓடுகள் இருந்த பை. வீடாக இருந்திருந்தால் அவள் என் தோளைத் தட்டி, "பாப்பா, கிணத்துலதுடி," என்று சொல்லியிருப்பாள்.

மூன்று நாள் கழித்துத்தான் அந்தப் பையைக் கழுவினார்கள். அதிகாரி சீட்டைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. பீங்கான் துண்டுகளோடு பழைய எழுத்து எப்படி வரும்? சித்தி சல்லடையை விட்டு எழுந்து வந்தாள்.

"இது நான் எடுத்ததுங்க. கிணத்துல கிடந்தது."

"சீட்டுல வேற எழுதியிருக்கேம்மா."

"நான் கொண்டாந்து குடுத்தப்ப சேறே காயலைங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க எழுதினதுதானே?"

சீட்டின் ஓரத்தில் கருஞ்சேறு காய்ந்து ஒட்டியிருந்தது, என் கட்டைவிரல் பட்ட இடத்தில். முதல் குழியில் சேறே கிடையாது. அது புழுதி பறக்கும் குழி. அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, "நான் சரியாத்தான் சார் எழுதியிருக்கேன்," என்றேன்.

சித்தி என்னைப் பார்த்தாள். "அப்ப நான்தான் மாத்திச் சொல்லிட்டேன் போலிருக்குங்க," என்றாள்.

ஓடு, இடம் தெரியாதவற்றின் பெட்டிக்குப் போயிற்று. மறுநாள் சல்லடையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி திட்டவில்லை, சித்தி எங்கே போக வேண்டும் என்பதை மட்டும் கையால் காட்டினார். அவள் சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு கூடையை எடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தியின் பிறந்த வீட்டில் காது குத்து. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக்கரை. எல்லோரும் பஸ்ஸில் போனோம். வீட்டுப் பின்புறம் புதுக் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். மணல் சரியாமல் இருக்க, பெரிய சிமெண்டு வளையங்களை உருட்டிக்கொண்டுவந்து இறக்கினார்கள். சித்தியின் அண்ணன் என்னைப் பார்த்து, "படிக்கிற பொண்ணு, வந்து பாரு. ஒன்பது உறை இறங்கியாச்சு. இன்னும் மூணு உறை போட்டா ஊத்துத் தண்ணி," என்றார்.

கிணற்று ஓரத்தில் நின்று அந்த வளையங்களைப் பார்த்தேன். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர். அந்தச் சொல்லை இந்தப் பொருளில் நான் கேட்டதே இல்லை. ஆற்றங்கரையில் பிறந்தவளுக்குக் கிணற்று வளையத்துக்கு அதைவிட்டால் வேறு சொல்லே இல்லை. திரும்பிப் பார்த்தேன். சித்தி, காது குத்திய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்கும் புரிந்தது. "வெயில்ல நிக்காத பாப்பா, உள்ள வா," என்றாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கூடாரத்துக்குப் போய், அந்த ஓடு கிணற்றில் கிடைத்ததுதான் என்று அதிகாரியிடம் சொன்னேன், தனியாக. அவர் மகிழ்ந்தார். பெட்டியிலிருந்து ஓட்டை எடுத்து, பதிவேட்டில் அடித்துத் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டார். "எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டார். கொள்ளிடக்கரையைச் சொல்லவில்லை; சித்தி சொன்னதையே நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்றும் சொல்லவில்லை. "சேத்தைப் பார்த்து யோசிச்சேன் சார்," என்றேன். "நேர்மையா வந்து சொன்னீங்களே, படிச்சவங்க இப்படித்தான் இருக்கணும்," என்றார். அந்த ஓட்டுக்கு இடம் கிடைத்துவிட்டது. சித்திக்கு அவள் இடம் திரும்பக் கிடைக்கவில்லை. அவள் சொன்னது உண்மை என்று அந்தத் திடலில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான். குழிகளை மண் போட்டு மூடும்வரை அவள் கூடைதான் சுமந்தாள். முதலில் அள்ளிக் கொட்டிய மண்ணையே கடைசியில் திரும்ப அள்ளிக் கொட்டினாள்.

இப்போது நான் துறையூரில் ஆசிரியை. பிள்ளைகளுக்குக் கோழி கதையைச் சொல்கிறேன்; சித்தியின் கேள்வியையும் சொல்கிறேன். திடலில் வீடுகள் எழும்பிவிட்டன. போன மாதம் ஊருக்குப் போனபோது, இதுவரை எழுதியதைச் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். முதன்முறையாக, எழுதியதை வாசிக்கும்போது என் குரல் நின்று நின்று வந்தது. சித்தி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடிந்ததும் தண்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள். என்னைக் குறை சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"அந்த ஓட்டுல என்னதான் எழுதியிருந்துச்சு?" என்று கேட்டாள்.

அவளிடம் அதைக்கூட யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஒரு பேரு சித்தி. முன்பாதி உடைஞ்சுபோச்சு. கடைசி மூணு எழுத்துதான் இருந்துச்சு."

"ஆம்பளை பேரா, பொம்பளை பேரா?"

"தெரியலை சித்தி."

கீரைத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியலைங்கிற வார்த்தை இப்பத்தான் உன் வாயில வருது," என்றாள்.