டொராண்டோ மடி

கரும்பு டிராக்டரோடு சர்க்கரை ஆலை வாசலில் காத்துக் கிடக்கும்போதும் மூங்கில்துறைப்பட்டு கண்ணாயிரத்துக்கு வாய் ஓயாது. கொஞ்ச நாளாக அவர் பேச்செல்லாம் ஆகாயத்தில்தான். "டொராண்டோலேர்ந்து மெட்ராஸு பதிமூணாயிரம் கிலோமீட்டருக்கு மேல. பிளேன்ல ஒரு நாள் கூட ஆவாது," என்பார். மனைவி அமிர்தத்தின் தம்பி சுபாஷ் அங்கே வேலையில் இருந்தான். மகள் எழில்மதிக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. பிள்ளை அவன் மடியில்தான் உட்காரப் போகிறது என்று ஊரெல்லாம் தம்பட்டம்.

அமிர்தத்துக்கு ஓர் அண்ணனும் உண்டு. நைனார்பாளையத்தில் கூலி வேலை செய்யும் சுப்புராயன். மூத்த தாய்மாமனை வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய் அழைப்பது முறை. பஸ் ஏறினால் அரை நாளில் போய் வந்துவிடலாம். கண்ணாயிரமோ போனிலேயே, "ஞாயித்துக்கெழம விசேஷம் மச்சான், வந்துடுங்க," என்று முடித்துக்கொண்டார். கூலிக்கார மச்சான் மணையில் உட்கார்ந்தால் போட்டோ எடுப்பாக இருக்காது என்பது அவர் நினைப்பு.

சுபாஷ் வெள்ளிக்கிழமை இரவு விமானம் ஏறுகிறான். கண்ணாயிரம் விரல் விட்டு எண்ணினார். சனி இரவு மெட்ராஸ், விடிவதற்குள் வீடு.

"அங்க ராத்திரின்னா நமக்கு விடிஞ்சி பூடுமேங்க? அவனையே ஒரு வார்த்த கேளுங்க," என்றாள் அமிர்தம்.

"நீ இன்னா பிளேன் ஓட்டனவளா? சும்மா கெட."

சனி இரவு ஏர்போர்ட்டுக்குப் போன கார் காத்துக்கொண்டே நின்றது. சுபாஷின் போன் கிடைக்கவில்லை. ஞாயிறு காலை மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளை சிணுங்க, ஆசாரி தயாராக உட்கார்ந்திருந்தபோது அவனே கூப்பிட்டான். "இப்பத்தான் மாமா மெட்ராஸ்ல எறங்கனேன். அங்க வர மத்தியானம் ஆயிடும்."

"நேரம் தாண்டுது, தாய்மாமன் எங்கப்பா?" என்று பூசாரி அதட்டினார்.

கூட்டமே கண்ணாயிரத்தைத் திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில், வெளுத்த வேட்டியில் சுப்புராயன் நின்றிருந்தார். சுபாஷுக்கென்று வைத்திருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு, அத்தனை பேர் எதிரிலும் கண்ணாயிரம் அவரிடம் போனார்.

"மச்சான்... நீங்க வந்து ஒக்காரணும்."

"கொழந்த அழுவுது, நட மாப்ள," என்றார் சுப்புராயன். தட்டைத் தொடவில்லை. மணையில் அமர்ந்து பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். காது குத்தி முடிந்ததும் தன் துண்டால் அதன் கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

பந்தி நடக்கும்போது சுபாஷ் வந்து இறங்கினான். நடந்ததைக் கேட்டுத் திகைத்துப்போனான். "என் மடிலயா? அண்ணன் இருக்கச்சொல்ல எனக்கு ஏது மாமா அந்த மொற? பந்திக்கு வந்தா போதும்னுதான் நான் டைமே கேக்கல. அண்ணன் எங்க?"

கண்ணாயிரத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது. காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று பந்தி முழுக்கத் தேடினார். சோறு பரிமாறிக்கொண்டிருந்த அமிர்தம் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"எங்கண்ணன் கை நனைக்காமலே பஸ் ஏறிட்டாரு."