முனைக்கடை ஓரத்து ஆயில் கறை

இன்று ஆம்பூரில் ஒரு செருப்புக் கடையில் புதுத் தோலுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும், அப்பா வேலை பார்த்த, தோல் பதனிடும் டேனரிக்குப் பின்னால் அவர் தகரம் போட்டு வைத்திருந்த கார் ஷெட்டுக்குள் போய்விட்டேன். இப்போது அங்கே ஷெட்டும் இல்லை, டேனரியும் இல்லை.

அப்பாவின் பழைய கறுப்புக் கார் நின்ற இடத்திலெல்லாம் ஆயில் ஒழுக்கும். ஞாயிறுதோறும் அவர் எஞ்சின் மூடியைக் கழற்றி, டேனரியில் கழித்துப்போட்ட தோலில் ஒழுகலை அடைக்கும் கேஸ்கெட் வெட்டி, விளக்கெண்ணெயில் ஊறவைத்து, மூடிக்கடியில் வைத்து இறுக்குவார். ஒரு பக்கம் ஒழுகல் நின்றால் இன்னொரு பக்கம் கிளம்பும். தெருவிலிருக்கும் சொட்டைப் பார்த்தே அம்மா, "இப்பத்தான் போய்ட்டாரு" என்பாள்.

எட்டாவது படிக்கையில், பள்ளி வாசலில் கார் விட்ட கறையைக் காட்டித் தோழிகள் சிரித்தார்கள்.

"இனிமே கூட்டிட்டுப் போக வராதப்பா, பேஜாரா இருக்குது. நான் பஸ்லயே வர்றேன்" என்றேன்.

"சரிம்மா. ஒழுகறது நின்னதும் வர்றேன்" என்றார் அப்பா.

ஒழுகல் நிற்கவில்லை. ஆனால் பஸ்ஸுக்குப் போகும் வழியில், முனையிலிருந்த சைக்கிள் கடை ஓரம், தினமும் சாயங்காலம் ஈரம் காயாத ஒரு கறை இருந்தது. நான் பள்ளி வாசலைத் தாண்டி வெளியே வருவதைப் பார்த்துவிட்டு அப்பா கிளம்பியிருக்கிறார். சில நாள் கறை பெரிதாக இருக்கும். அவ்வளவு நேரம் நின்றிருக்கிறார்.

செருப்பில் ஒட்டிவிடுமே என்று, அதைத் தாண்டிக் கால் வைத்துப் போய் பஸ் ஏறினேன்.