ஏழாம் அறையின் கதவு

அந்த விடுதியில் எல்லாரும் அவரைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயதாகிறது, ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கல்யாணப் போட்டோவில்கூட மனைவியின் முகம் தெளிவாக இருக்கும், இவர் முகம் கலங்கிக் கிடக்கும். பன்னிரண்டு மர அறைகள் கொண்ட அந்த மலை விடுதிக்கு மின்வேலை, குழாய்வேலை எல்லாம் அவர்தான். அறைகளைச் சுத்தம் செய்வது மனைவி.

சும்மா கிடந்த சங்கை ஊதியதும் அவரேதான். டீசல் ஹீட்டர்கள் புகைந்தாலும் ஓடிக்கொண்டுதானே இருந்தன?

"வெயில் வீணா காயுதும்மா. கூரையில சோலார் தகடு போட்டா பகல்ல பேட்டரி ஏறிக்கும். சுவர்லயும் சன்னல்லயும் சூடு வெளியே போகாம அடைச்சுட்டா கொஞ்ச மின்சாரமே போதும்" என்று முதலாளியம்மாவை நச்சரித்தார்.

நச்சரிப்புத் தாங்காமல் முதலாளியம்மா ஏழாம் அறைக்கு மட்டும் சம்மதித்தார். "சனிக்கிழமை நாலு மணிக்கு வருவேன். ரூம் இருபது டிகிரியில இருக்கணும். இல்லைன்னா பழைய ஹீட்டர்தான். அதை வாயை மூடிட்டு ஓட்டற வேற ஆளையும் பாத்துக்கறேன்."

வேலை போனால் சமையலறைக்குப் பின்னால் குடியிருக்கும் வீடும் போகும். புதன்கிழமைக்குள் பம்பரம் தகடு, பேட்டரி, மின்ஹீட்டர் எல்லாம் மாட்டி, சுவரையும் சன்னலையும் அடைத்து முடித்தார்.

வியாழன் பதினேழு டிகிரி. வெள்ளி பதினாறு, சாயங்காலமே பேட்டரி காலி. தகடுகளைத் துடைத்தார், சன்னல் ரப்பரை இரண்டு முறை மாற்றினார், ஒயரைக் கழற்றி மாட்டினார். கால் மணிக்கொரு தரம் ஓடிப்போய் வெப்பமானியைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அது இறங்கியது.

சனிக்கிழமை காலை வாளியோடு வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். ஏழாம் அறை வாசலில் கதவை ஒரு காலால் தாங்கிப் பிடித்தபடி, எதிர்ச்சுவர் வெப்பமானிமேல் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார் பம்பரம். குளிர்காற்றில் உள்ளே திரைச்சீலை படபடத்தது.

"உள்ள போய்ப் பாத்தா என்னவாம்?"

"சேத்துக் காலோட வராதீங்கன்னு நீதானே புதன்கிழமை கத்தினே? அதுலேர்ந்து வாசல்லயே நின்னு பாக்கறேன்."

"ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம்?"

"முள்ளு ஒரு இடத்துல நிக்கற வரைக்கும். எங்க நிக்குது? நான் பாக்கறப்பவே இறங்கி..." வாய் பாதியில் நின்றது.

"ஊசி நுழையற ஓட்டையெல்லாம் அடைச்சுட்டு, ஆனை நுழையற கதவைத் திறந்து வெச்சிருக்கீங்களே!"

கதவைச் சாத்திப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்றைய பகல் அவருக்குப் பெரும்பாடு. படியில் உட்கார்ந்தார், எழுந்தார், கதவில் காதை வைத்தார். ஒரே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று எட்டு முறை சாவி கேட்டார். அவள் துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை.

நாலு மணிக்கு முதலாளியம்மா வந்தார். மனைவி பூட்டைத் திறந்தாள். மூவரும் உள்ளே போனதும் கதவு சாத்தப்பட்டது. இருபத்தொன்று.

"அட! நேத்து வரைக்கும் ஆகலைன்னாங்களே, என்னப்பா பண்ணினே?"

பம்பரம் தலையைச் சொறிந்தார். "ஒண்ணுமே பண்ணலைங்கம்மா."

"சரி, மத்த பதினோரு ரூமுக்கும் போட்டுடலாம்."

அவர் முகம் மலர்ந்தது. மனைவி பதினொரு சாவிக்கும் கையை நீட்டினாள்.