நர்ஸு நீயா, நானா?

லூர்து மேரி சிஸ்டர் இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக். ஏம்பலத்திலிருந்து அவர் மகள் இப்போதுதான் போன் செய்தாள்.

பாகூர் பக்கம் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் அவர் நர்ஸ். நான் ஆம்புலன்ஸ் டிரைவர். நோயாளி செருப்பைக் கழற்றுவதற்குள் என்ன வியாதி என்று சொல்லிவிடுவார். சரியாகவும் இருக்கும். புது டாக்டர்கள்கூட அவரிடம் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பார்கள்.

ஒருநாள் காலை, குருவிநத்தத்திலிருந்து நடவு வேலை செய்யும் பெண் ஒருத்தியைத் தூக்கி வந்தார்கள். வயிற்றுவலி. சிஸ்டர் அரை நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. கேஸ் டிரபிள், வாயுதான் என்றார். ஊசி போட்டு பெஞ்சில் உட்கார வைத்தார்.

எனக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. ஆனால் அவளுக்கு இமை இரண்டும் தொங்கிக்கொண்டே வந்தது. போய்ச் சொன்னேன்.

"இங்க நர்ஸு நீயா, நானா?"

கோபமாகத்தான் கேட்டார். ஆனால் திரும்பிப் பார்த்தார். ராத்திரி எங்கே படுத்தாய் என்று அப்புறம்தான் அவளிடம் விசாரித்தார். வெறுந்தரையில்... தூக்கத்தில் கட்டுவிரியன் பாம்பு கடித்திருக்கிறது. வயிற்றுவலியும் இமை தொங்கியதும் அந்த விஷத்தால்தான். கடித்த தடம்கூட இல்லை.

பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் என் வண்டியின் பின்னால் அவள் கையைப் பிடித்தபடி வந்தார். பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் எல்லார் முன்னாலும் தன் தப்பைச் சொன்னார். "முப்பது வருஷமா பாக்கறேன்ற திமிருல, எதிர்ல இருந்தவள பாக்காம வுட்டேன்." எனக்கெல்லாம் அந்த தைரியம் வராது.

அதற்கப்புறம் வயிற்றுவலி என்று யார் வந்தாலும், எங்கே படுத்தாய் என்பதுதான் முதல் கேள்வி. புது மாப்பிள்ளை ஒருவன் வெட்கப்பட்டு மாத்திரை வாங்காமலே ஓடிவிட்டான்.

என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைப்பார். "நீ பாத்து சொல்லு சேகரு. உனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, அதான் உன் கண்ணுல படுது."

பாராட்டா திட்டா... இன்றுவரை தெரியவில்லை.

சிஸ்டர் ரிட்டையர் ஆன பிறகும் அவ்வப்போது அவர் வீட்டுக்குப் போவேன். போன ஞாயிற்றுக்கிழமையும் போனேன். முகம் லேசாக வீங்கியிருந்தது. பேசும்போது மூச்சு வாங்கியது.

"எம் மூஞ்சியப் பாத்தா இன்னா தெரியுது?" என்றார்.

எனக்கும் இருபது வருஷ சர்வீஸ். எத்தனை பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன். வெயில் அசதிதான் சிஸ்டர், மோர் குடியுங்கள் என்றேன்.

சிரித்தார். "நீயும் நர்ஸ் ஆயிட்டடா."

அன்றைக்கே வண்டியில் ஏற்றியிருக்க வேண்டும்.

நாளைக் காலை ஏம்பலத்தில் அடக்கம். வண்டி நான்தான் ஓட்டுகிறேன்...

மன்னிச்சிடுங்க சிஸ்டர். போய் வாங்க.