சகினாலி உதறிய கயிறு

ஏரிக்கரையிலுள்ள பாலிக்சித் துறைமுகத்தில் சகினாலி இருபது வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறான். அவன் போடும் சத்தம் ஏரியின் அக்கரைக்கே கேட்கும் என்பார்கள். மேற்பார்வையாளர் வேலைக்குப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்றதும், நாற்பத்தாறு வயதில் மாலைப் பள்ளியில் சேர்ந்தான். எல்லாப் பாடமும் தேறினான். இயற்பியல் மட்டும் காலை வாரிவிட்டது.

கயிற்றைப் பலமாக உதறினால் அலை சீக்கிரம் போகுமா என்பது கேள்வி. 'போகும்' என்று எழுதியிருந்தான். டீச்சர் அதைத் தப்பென்று அடித்துவிட்டாள்.

"கயிறே தொடாத பொம்பள எனக்குக் கயிறு சொல்லித் தர்றா!" என்று என்னிடம் பொருமினான். நானும் அதே துறைமுகத்தில்தான் வேலை பார்க்கிறேன்.

"தொட்டே பாத்துருவோமே" என்றேன்.

ஞாயிறன்று இருபது மீட்டர் கயிற்றை இரும்புத் தூணில் கட்டினோம். அவன் மனைவி புபுசாரா போனில் நேரம் பார்த்தாள். லேசாக ஒரு உதறல். கயிற்றில் எழுந்த மேடு ஓடித் தூணில் மோதித் திரும்பியது. நாலு நொடி. பல்லைக் கடித்துக்கொண்டு உதறினான். மேடு இரண்டு மடங்கு உயரம். அப்போதும் நாலு நொடிதான்.

"போன் கெட்டுப்போச்சு" என்றான்.

"போன் நல்லாத்தான் இருக்கு. வேணும்னா இன்னும் கொஞ்சம் கோபப்படுங்க" என்றாள் புபுசாரா.

கையை இரண்டு மடங்கு வேகமாக ஆட்டிப் பார்த்தான். மேடுகள் நெருங்கி, இடைவெளி பாதியானது. அவை ஓடும் வேகம் மாறவில்லை. கயிற்றை இழுத்து விறைப்பாக்கிய பிறகுதான் மூன்று நொடிக்கு இறங்கியது.

"அப்போ என் பலத்துக்கு மதிப்பே இல்லையா?"

"உயரமா போகுதே. சீக்கிரமா போகல, அவ்வளவுதான்" என்றேன்.

புபுசாரா சிரித்தாள். "வீட்லயும் அதான். நீங்க கத்துனாலும் மெதுவா சொன்னாலும் எனக்கு ஒரே நேரத்துலதான் வந்து சேருது."

அவன் சிரிக்கவில்லை. கயிற்றைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். "இருபது வருஷமா காது வலிச்சிருக்கும்ல?" என்றான்.

"வலிச்சது காது இல்ல" என்றாள் அவள். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினாள். "குடிங்க, ஆறுது."

மறுதேர்வில் ஐந்துக்கு மூன்று வாங்கித் தேறினான். அதற்குள் அந்த வேலைக்கு வேறொருவர் வந்துவிட்டார். டீச்சர் வீட்டுக்குக் கருவாடு கொண்டுபோய்க் கொடுத்து, "கயிறும் உங்க பக்கம்தான் பேசுது டீச்சர்" என்றானாம்.

கத்துவதை அவன் முழுசாக விட்டுவிடவில்லை. ஆனால் சில சமயம் கத்த ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தி, அதையே தணிந்த குரலில் மறுபடி சொல்கிறான். என்ன கெட்ட செய்தியோ என்று சுமை தூக்குகிறவர்கள் அப்போதுதான் பயந்துபோகிறார்கள்.