நிஸ்தார் நானாவும் நான் தெரிவு செய்த கணினியும்

ஞாயிறு பூசை முடிந்து முந்தல் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது, நிஸ்தார் நானா இறந்துவிட்டார், வபாத்தாகிவிட்டார் என்ற செய்தி தொலைபேசியில் வந்தது. புத்தளத்தில் வீட்டுப்படம் கீறும் எங்கள் சிறிய அலுவலகத்தில் ஒன்பது வருடம் பக்கத்துக் கதிரையில் இருந்தவர். அவரை அறிந்த நீங்கள் அவருடைய பொறுமையைப் பற்றி நிறையச் சொல்வீர்கள். அந்தப் பொறுமையை அதிகம் சோதித்தவன் நான்.

புதுக் கணினி வாங்கும்போது முதலாளி ஹாஜியார் தெரிவை என்னிடம் விட்டார். நானா கேட்டது வேர்க்ஸ்டேஷன். "பெட்டி மின்னத் தேவல்ல ஜூட். நாள் முழுக்கக் கீறினாலும் நிக்காம ஓடினாப் போதும்" என்றார். நான் கேமிங் கணினிக்கே நின்றேன். "ரெண்டும் ஒண்டுதான் ஹாஜியார், இது இன்னும் வேகம்" என்று அடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போனபின் கத்தோலிக்கனான நான் மட்டும் அலுவலகத்தில் இருப்பேன். அந்த ஒன்றரை மணி நேரம் விளையாடத்தான் அது. வேறு காரணம் இல்லை.

நோன்பு மாதத்தில் ஒரு வெள்ளி. பள்ளிவாசல் விரிவாக்கத்தின் முப்பரிமாணப் படத்தைக் கணினியில் ஓடவிட்டு நானா தொழப் போயிருந்தார். அதை நிறுத்தாமலே விளையாட்டைத் திறந்தேன். பெட்டி சூடேறி அப்படியே நின்றது. திரும்பப் போட்டபோது அவருடைய கோப்பு திறக்கவில்லை. ஐந்து நாள் வேலை போய்விட்டது.

தொழுதுவிட்டு வந்தவரிடம், "கரண்ட் போயிட்டு நானா" என்றேன்.

கூடவே வந்த ஹாஜியார், "பள்ளில ஃபேன் ஓடிட்டுத்தானே இருந்திச்சு?" என்றார்.

நானா திரையைப் பார்த்தார். மூலையில் விளையாட்டின் சின்னம் கிடந்தது. "இந்த லைன்ல மட்டும் போயிருக்கும் ஹாஜியார். நானும் கொப்பி எடுத்து வைக்கல்ல. பிழை என்ட பக்கம்தான்."

ஹாஜியார் அவரைத்தான் ஏசினார். நோன்போடு இருந்து நானா எல்லாவற்றையும் மறுபடி கீறினார். அடுத்த வெள்ளி, தன் வேலையைப் பென்டிரைவில் பிரதி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இனிப் பயமில்லாம விளையாடு" என்று சொல்லிவிட்டுத் தொழப் போனார். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சிரித்து மழுப்பினேன்.

அடக்கத்துக்கு ஜனாஸாவைத் தூக்குமுன் அவருடைய மகன் வாசலில் நின்று, "வாப்பா ஆருக்காவது பிழை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிடுங்க" என்றான். மையத்து வீட்டில் வழக்கமாகக் கேட்பதுதான். நின்றவர்கள் "மன்னிச்சிட்டம்" என்றார்கள். என் வாயும் சேர்ந்து சொன்னது.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இந்த வெட்கம்தான். நிஸ்தார் நானாவை மன்னித்தவர்களில் நானும் ஒருவன்.